ஒரே கீறல் இரண்டு முறை: பழைய டைப்ரைட்டர் எழுத்துருக்களின் தேய்மானம் எங்கிருந்து வருகிறது?

ஒரு காபிக் கடையின் பெயர்ப்பலகை முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காபி என்ற சொல் ஆங்கிலத்தில், பழைய டைப்ரைட்டரில் அடித்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. ஓரங்கள் அரித்திருக்கின்றன, நடுநடுவே மை விட்டுப்போயிருக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டே போனால்தான் விஷயம் தெரியும். அந்தச் சொல்லில் ‘எஃப்’ இரண்டு, ‘ஈ’ இரண்டு. முதல் எஃப்பின் குறுக்குக்கோட்டில் எந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கிறதோ, அதே இடத்தில், அதே நீளத்தில் அடுத்த எஃப்பிலும் கீறல். முதல் ‘ஈ’ பக்கத்தில் தெறித்த மைத்துளி, இரண்டாவது ‘ஈ’ பக்கத்திலும் அச்சு அசலாகத் தெறித்திருக்கிறது.

எந்த டைப்ரைட்டரும் இப்படி அடிக்காது. ரிப்பனில் மை காய்ந்த இடம் ஓர் அடி அடித்ததும் நகர்ந்துவிடும். அடுத்த எழுத்துக்கு வேறு இடம் வந்து நிற்கும்.

புத்தக அட்டை, சினிமா போஸ்டர், டீ-ஷர்ட், கல்யாணப் பத்திரிகை என்று எல்லா இடத்திலும் இந்த வகை எழுத்துருக்கள் இருக்கின்றன. எனக்கும் இவற்றின் மேல் பிரியம் உண்டு. லோயர் பரீட்சைக்காக விடியற்காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்று பக்கம் பக்கமாக அடித்த கை என்னுடையது. இப்போது டிசைன் வேலையில் இருக்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டைப்ரைட்டர் எழுத்தின் ஒவ்வொரு கோளாறுக்கும் இயந்திரத்துக்குள் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்து வரைந்த எழுத்துரு எது, சும்மா மேலே அழுக்கைத் தூவியது எது என்பது பார்த்தவுடனே பிடிபட்டுவிடும்.

முதலில் இயந்திரம். விசையை அழுத்தினால் ஒரு கம்பி எழும்பி வருகிறது. அதன் நுனியில் உலோகத்தில் புடைத்த எழுத்து. அது மை தோய்ந்த ரிப்பனை அடிக்கிறது, ரிப்பன் காகிதத்தில் பதிகிறது, பின்னால் ரப்பர் ரோலர் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருந்தன. 1878-இல் வந்த இரண்டாவது மாடலில்தான் ஷிஃப்ட் விசை வந்து, ஒரே கம்பியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சேர்ந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு அடிக்கும் கேரேஜ், அதாவது காகிதத்தைத் தாங்கி நகரும் மேல்பாகம், ஒரே தூரம்தான் நகரும். பைக்கா என்ற எழுத்தளவு என்றால் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலீட் என்ற அளவு என்றால் 12. ஒல்லியான சின்ன ‘ஐ’க்கும் அகலமான ‘எம்’முக்கும் ஒரே இடம்தான். அதனால் ‘ஐ’க்கு அடியில் நீளமாக ஒரு பட்டை போட்டு இடத்தை நிரப்பினார்கள். ‘எம்’மின் மூன்று கால்களையும் நெருக்கி நிறுத்தினார்கள். டைப்ரைட்டர் எழுத்து என்றாலே நம் மனசில் வரும் அந்த உருவம் இந்தக் கேரேஜ் கணக்கில் இருந்து வந்தது.

இனி தேய்மானம். இது மூன்று வேகத்தில் நடக்கிறது.

நொடிக்கு நொடி மாறுவது ஒன்று. விரலின் அழுத்தமும் ரிப்பன் துணியின் ஈரமும் ஒவ்வொரு அடிக்கும் வேறு. ஒரு ‘டி’ கறுப்பாக விழும், அடுத்த ‘டி’ வெளிறி விழும். துணியின் இழை வடிவம்கூடச் சில சமயம் எழுத்துக்குள் தெரியும்.

வாரக்கணக்கில் மாறுவது இன்னொன்று. ‘ஈ’, ‘ஏ’, ‘ஓ’ மாதிரி உள்ளே அடைபட்ட வயிறு கொண்ட சின்ன எழுத்துகளில் ரிப்பன் தூசும் காய்ந்த மையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோ, குண்டூசியால் நோண்டியோ எடுக்கும் வரை அந்த ‘ஈ’ கறுத்த குழியாகத்தான் விழும். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் அந்த வேலை பெரும்பாலும் முதலில் வந்து சேர்ந்த பையன் தலையில் விழும்.

மூன்றாவது, வருடக்கணக்கில் நிலைத்துவிடுவது. கம்பி லேசாக வளைந்து ‘ஆர்’ எப்போதும் சாய்ந்து நிற்கும். இரண்டு கம்பிகள் மோதி எழுத்தின் ஒரு மூலை உடைந்திருக்கும். ஷிஃப்ட் சரியாக நிற்காத இயந்திரத்தில் பெரிய எழுத்தெல்லாம் வரியை விட்டு ஒரு மயிரிழை தூக்கியோ இறங்கியோ நிற்கும்.

இப்போது அந்தக் காபிக் கடைப் பலகைக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு ‘ஈ’யின் வயிறும் ஒரே மாதிரி அடைத்திருந்தால் அது சரி. ஒரே பக்கத்தில் அடித்த எல்லா ‘ஈ’யும் அப்படித்தான் இருக்கும். இரண்டு எஃப்பும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தாலும் சரி. ஆனால் ரிப்பன் காய்ந்த கீறல் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்க வழியே இல்லை. அது நொடிக்கு நொடி மாறுகிற ஜாதி. விரல் விஷயத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில விசைப்பலகையில் ‘ஏ’, ‘கியூ’, ‘பி’ (P) எல்லாம் சுண்டுவிரலுக்கு வருபவை. பத்து விரலாலும் அடிக்கத் தெரிந்தவர் கையாலே ஓட்டும் இயந்திரத்தில் அடித்த தாளில், சுண்டுவிரல் எழுத்துகள் பொதுவாக ஒரு பிடி வெளுத்துத் தெரியும். ‘ஏ’ மட்டும் சற்று மெலிந்த எழுத்துருவைப் பார்த்தால், அதை வரைந்தவர் ஓர் உண்மையான தாளை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படும்.

வருடக்கணக்கில் நிலைக்கும் கோளாறு எவ்வளவு உறுதியான அடையாளம் என்பது நீதிமன்றங்களுக்கு நன்றாகத் தெரியும். 1924-இல் சிகாகோவில் ஒரு சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில், பணம் கேட்டு வந்த கடிதம் அண்டர்வுட் போர்ட்டபிள் இயந்திரத்தில் அடித்தது. குற்றவாளிகளில் ஒருவரான லியோபோல்ட் தன் சட்டப் படிப்புக்காக அடித்த குறிப்புகளும் அதே இயந்திரத்தில் அடித்தவை. இரண்டிலும் ஒரே எழுத்துக்கு ஒரே கோளாறு. கொலைக்குப் பிறகு அவர்கள் அந்த இயந்திரத்தைப் பூங்கா ஏரியில் போட்டிருந்தார்கள். பிறகு அது வெளியே எடுக்கப்பட்டது. அல்ஜர் ஹிஸ் என்ற அமெரிக்க அதிகாரி மேல் நடந்த வழக்கிலும் உட்ஸ்டாக் டைப்ரைட்டர் ஒன்றுதான் நடுநாயகமாக இருந்தது. அவர் வீட்டில் இருந்து போன பழைய கடிதங்களையும் ரகசிய ஆவணங்களின் பிரதிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். பொய்ச்சாட்சி சொன்னதாக 1950-இல் அவர் தண்டிக்கப்பட்டார். கையெழுத்தைப் போல இயந்திரத்துக்கும் ஒரு கை உண்டு என்பதை நம்பித்தான் இந்த வழக்குகள் நடந்தன. எழுத்துரு வரைபவர் பிடிக்க வேண்டியது அந்தக் கையை.

மை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு நல்ல எதிர் உதாரணம் நம் எல்லோர் கணினியிலும் இருக்கிறது. கூரியர் நியூ. மூலக் கூரியரை 1955-இல் ஐபிஎம் நிறுவனத்துக்காக வரைந்தவர் ஹோவர்ட் கெட்லர். அதன் மேல் ஐபிஎம் தனியுரிமை கோராததால் அது எல்லா இயந்திரத்துக்கும் பரவியது. 1961-இல் வந்த ஐபிஎம் செலக்ட்ரிக்கில் தனித்தனிக் கம்பிகள் கிடையாது. எல்லா எழுத்தும் ஒரே உருண்டையில் புடைத்து நிற்கும், அந்த உருண்டை சுழன்று சுழன்று அடிக்கும். கூரியர் நியூவை அந்த உருண்டையின் எழுத்துகளில் இருந்தே நேராகப் பிரதி எடுத்தார்கள். உருண்டையில் இருக்கும் எழுத்து வேண்டுமென்றே மெலிசாகச் செய்தது. ரிப்பன் வழியாகக் காகிதத்தில் விழும்போது மை பரவி அது சதைபோடும் என்ற கணக்கு. அந்தச் சதை கணினிக்கு வந்து சேரவில்லை. கூரியர் நியூவில் அடித்த பக்கம் ஏன் நோயாளி மாதிரி வெளிறிக் கிடக்கிறது என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான். உலோகம் வந்தது, மை வரவில்லை.

டைப்ரைட்டர் சாயலை வடிவமைப்புக்குள் கொண்டுவந்த பெயர்பெற்ற எழுத்துரு ஒன்றில் தேய்மானமே கிடையாது. ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக ஜோயல் கேடனும் டோனி ஸ்டானும் வரைந்த அமெரிக்கன் டைப்ரைட்டர் 1974-இல், அதாவது ரெமிங்டன் சந்தைக்கு வந்து 100 வருடம் ஆன நேரத்தில் வெளிவந்தது. நியூயார்க்கை நேசிக்கிறேன் என்று சிவப்பு இதயம் போட்டு மில்டன் கிளேசர் செய்த சின்னத்தில் இருப்பது அதுதான். முனைகள் உருண்டு, வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் வேறு வேறு அகலம். நல்ல எழுத்துரு. ஆனால் அதில் இருப்பது டைப்ரைட்டரின் ஞாபகம் மட்டும்தான்.

அழுக்கு 1991-இல் வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் பிளாக்லாண்ட், பெர்லினில் ஒரு பெண்ணிடம் இருந்த டைப்ரைட்டரின் எழுத்துகளை எடுத்து டிரிக்ஸி என்ற எழுத்துருவாக்கினார். அந்தப் பெண்ணின் பெயரைச் சுருக்கித்தான் எழுத்துருவுக்கும் பெயர். மை பரவிய ஓரம், அடைபட்ட வயிறு, கொஞ்சம் எசகுபிசகான வரிசை, எல்லாமே அதில் இருந்தது. அப்போது மேக் கணினியும் எழுத்துரு செய்யும் மென்பொருளும் தனி ஆட்களின் மேசைக்கு வந்துவிட்ட காலம். முந்தைய தலைமுறை வழவழப்பில் எல்லோருக்கும் சலிப்பு வந்திருந்தது. டிரிக்ஸி பிடித்துக்கொண்டது. 1993-இல் தொடங்கிய எக்ஸ்-ஃபைல்ஸ் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் அது ஏறிய பிறகு, ரகசியக் கோப்பு, துப்பறிதல், அரசாங்க மர்மம் என்றாலே இந்த மாதிரி எழுத்துதான் என்று உலகம் முழுக்கப் பழகிவிட்டது. சினிமா போஸ்டர்களில் இன்று வரை அந்தப் பழக்கம் ஓடுகிறது.

டிரிக்ஸியின் முதல் வடிவத்தை ரொம்பப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் சற்றுக் கரடுமுரடாக, கோணல்கோணலாகத் தெரியும். அதற்கும் காரணம் உண்டு. கணினியில் ஓர் எழுத்தின் ஓரம் என்பது புள்ளிகளை இணைத்து வரையும் கோடு. மை பரவிய ஓரத்தை உள்ளபடி வரைய நிறையப் புள்ளிகள் வேண்டும். அந்தக் காலத்து லேசர் பிரிண்டர்களின் நினைவகத்துக்கு அவ்வளவு சுமை தாங்காது. அதனால் எந்தக் கரடை வைப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டியிருந்தது. 2008-இல் அதே எழுத்துருவின் உயர்தெளிவு வடிவம் வந்தபோது அந்தத் தடை போயிருந்தது. எழுத்துகள் மிக நுணுக்கமான ஓரத்தோடு வந்தன. அதோடு ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களும் சேர்ந்து வந்தன.

பல வடிவம் என்ற யோசனை வான் பிளாக்லாண்டுக்குப் புதிதில்லை. டிரிக்ஸிக்கு முன்பே அவரும் யுஸ்ட் வான் ரோஸமும் பியோவுல்ஃப் என்ற எழுத்துருவைச் செய்திருந்தார்கள். பிரிண்டருக்குக் கோடு வரையச் சொல்லும் கட்டளைகளுக்குப் பதில் அவர்களே ‘ஃப்ரீக்டு’ என்று ஒரு கட்டளை எழுதி நுழைத்தார்கள். அது புள்ளிகளைத் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் நகர்த்திவிடும். ஒரே எழுத்து ஒவ்வொரு தடவை அச்சாகும்போதும் வேறு மாதிரி வந்தது. பிறகு பிரிண்டர்களும் மென்பொருள்களும் மாறியதில் அந்த வித்தை வேலை செய்யாமல் போனது.

இப்போது அதே காரியத்தை ஓபன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகை வேறு வழியில் செய்கிறது. எழுத்துருக் கோப்புக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் நாலைந்து வடிவங்களை வைத்து, பக்கத்தில் என்ன எழுத்து வந்திருக்கிறது என்று பார்த்து வடிவத்தை மாற்றச் சொல்லி விதி எழுதிவிடலாம். முதல் எஃப்புக்கு ஒரு வடிவம், ஒட்டி வரும் எஃப்புக்கு வேறு வடிவம். நல்ல எழுத்துரு வாங்கி, அந்த வசதியை மென்பொருளில் அணைத்து வைத்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி வருகிறதே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அமைப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெஷல் எலீட் பலருக்குத் தெரிந்த எழுத்துரு. ஸ்மித் கரோனா, ரெமிங்டன் நாய்ஸ்லெஸ் இயந்திரங்களின் எழுத்தைப் பார்த்துச் செய்தது. அதை மாதிரி எழுத்துக்கு ஒரு வடிவம் மட்டும் உள்ளவற்றைப் பயன்படுத்தினால், இரட்டை எழுத்து வரும் இடத்தில் ஒன்றை வெளிக்கோடாக மாற்றி, கையாலேயே இரண்டு புள்ளியை நகர்த்திவிடலாம். பத்து நிமிட வேலை.

ஆனால் பல வடிவம் இருந்தால் போதும் என்று நினைத்து எல்லாவற்றையும் கன்னாபின்னாவென்று மாற்றினாலும் தப்பாகிவிடும். ‘ஆர்’ ஓர் இடத்தில் இடப்பக்கம் சாய்ந்து, அடுத்த இடத்தில் வலப்பக்கம் சாய்ந்தால், பத்து இயந்திரத்தில் இருந்து வெட்டி ஒட்டிய மாதிரி ஆகிவிடும். சாய்வு மாறக் கூடாது, மை மாற வேண்டும். இந்த ஒரு பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்த எழுத்துருக்கள்தான் எனக்குப் பிடித்தவை.

மேலே எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அடியில் இருக்கும் எலும்பு தப்பாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கு 2004 செப்டம்பரில் நடந்தது ஒன்று போதும். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பழைய ராணுவ சேவை பற்றி 1972, 73-இல் அடிக்கப்பட்டதாகச் சொல்லி சில தாள்களை சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியது. பிரதி எடுத்துப் பிரதி எடுத்து நைந்துபோன தாள்கள். பார்க்க அசல் பழசு. ஆனால் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறியது. எண்ணை அடுத்து வரும் ‘டிஹெச்’ (th) சின்னதாகி மேலே ஏறி நின்றது. அதே வாசகத்தை மைக்ரோசாஃப்ட் வேர்டில் டைம்ஸ் நியூ ரோமனில் அடித்து மேலே வைத்துப் பார்த்தால் வரிக்கு வரி பொருந்துகிறது என்று பலர் காட்டினார்கள். அவை அசல் என்று தங்களால் உறுதி செய்ய முடியவில்லை என சிபிஎஸ் அந்த மாதமே சொல்ல வேண்டி வந்தது.

நம் வேலையிலும் இந்த எலும்பு முக்கியம். பழைய இயந்திரங்கள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. சின்ன ‘எல்’லைத்தான் அடிப்போம். ஆச்சரியக்குறி வேண்டுமென்றால் ஒற்றை மேற்கோள் அடித்து, ஒரு இடம் பின்னே வந்து, அடியில் முற்றுப்புள்ளி. வளைந்த மேற்கோள்குறி இல்லை. சாய்வெழுத்து இல்லை, தடித்த எழுத்து இல்லை. அழுத்திச் சொல்ல அடிக்கோடு போடுவோம், அல்லது அதே வரியின் மேல் இன்னொரு தடவை அடிப்போம். தப்பை ‘எக்ஸ்’ வரிசையால் மூடுவோம். வலது ஓரம் ஒருபோதும் நேராக நிற்காது. இத்தனையும் மறந்து, டைப்ரைட்டர் எழுத்துருவில் இரண்டு பக்கமும் நேராக்கி, வளைந்த மேற்கோளும் போட்டு, எழுத்திடைவெளியையும் மென்பொருள் கையில் விட்டால் அந்தத் தாள் டைப்ரைட்டர் தாளாகவே இருக்காது. 1970-களில் நடக்கும் கதைக்காகச் செய்த ஒரு கடிதத்தில் புது ரூபாய்க் குறியைப் பார்த்தேன். அந்தக் குறியே 2010-இல்தான் வந்தது.

செய்முறையில் இன்னொரு சிக்கல். தேய்ந்த எழுத்துருவின் ஓரத்தில் புள்ளிகள் ஏராளம். அதை ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு அனுப்பினால் பிளேடு ஒவ்வொரு பிசிரையும் சுற்றி வந்து திணறும். வெட்டிய பிறகு பிசிர் பிசிராக உரிந்து வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சின்னத் துளிகள் வலையிலேயே தங்கிவிடும். கட்டுரை உள்ளடக்கத்துக்கு, சின்ன அளவில், இந்த எழுத்துருவைப் போட்டால் தேய்மானம் தெரியாது. படிப்பவருக்குக் கண் கூசுவதுதான் மிச்சம். தலைப்புக்கும் ஒற்றை வரிக்கும் வைத்துக்கொண்டு, மற்றதைச் சுத்தமான ஒரே அகல எழுத்தில் விடுவதே நல்லது. முடிந்தால் உண்மையான இயந்திரத்தில் அடித்து ஸ்கேன் செய்வது எல்லாவற்றையும் விட நல்லது. தமிழ்நாட்டில் அது அவ்வளவு கஷ்டமும் இல்லை. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தொடங்கிய டைப்ரைட்டர் தயாரிப்பை 2009-இல் நிறுத்திவிட்டாலும், அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் இன்ஸ்டிடியூட்டுகளில் இயந்திரங்கள் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழ் எழுத்து என்று வரும்போது எனக்கு ஆசை கொஞ்சம் கூடிவிடுகிறது. டிரிக்ஸியிலும் ஸ்பெஷல் எலீட்டிலும் தமிழ் கிடையாது. போஸ்டரில் ஆங்கிலத் தலைப்பு தேய்ந்து நிற்க, அதன் கீழே தமிழ்த் தலைப்பு பளபளவென்று வேறு எழுத்துருவில் வந்து நிற்கிறது. சிலர் அதன் மேல் மணல் தூவிய மாதிரி ஒரு படத்தைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். தமிழ் டைப்ரைட்டர் என்று ஒன்று இல்லாமலா போயிற்று? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலை பார்த்த ஆர். முத்தையா, நம் எழுத்துகளைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்கக் கண்டுபிடித்த வழி நகரா விசை. அதை அடித்தால் குறி விழும், கேரேஜ் நகராது. அதனால் ‘ம்’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளி, அப்புறம் ‘ம’. ‘வி’ என்றால் முதலில் மேலே சுழியும் கொம்பு, அப்புறம் ‘வ’.

இதனால் தமிழ்த் தாளுக்கென்று தனியான கோளாறுகள் வந்தன. புள்ளி விழுகிற இடம் எழுத்துக்குத் தக்கபடி மாறாது. ‘ட்’ மேலும் ‘ண்’ மேலும் அதே உயரத்தில், அதே தூரத்தில் விழும். நகரா விசை சற்றுத் தளர்ந்த இயந்திரத்தில் பக்கம் முழுக்க எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும். கொம்பும் எழுத்தும் சரியாகத் தொடாமல் ‘வி’யிலும் ‘தி’யிலும் ஒரு வெள்ளை இடைவெளி விழும். தமிழில் இப்படி ஓர் எழுத்துரு வரைய விரும்புபவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை. ஆங்கில எழுத்துருவின் கீறலை எடுத்து ‘அ’ மேல் ஒட்டினால் இந்த எதுவும் வராது.

என்னிடம் அப்பா தாலுகா ஆபீசுக்கு அனுப்பிய மனுவின் பிரதி ஒன்று இருக்கிறது. மெலிசான தாள், கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் செய்பவர் அடித்துக்கொடுத்தது. புள்ளி சின்னது என்பதால் அடியின் வேகம் முழுக்க அந்த ஒரு முனையில் இறங்கித் தாளைக் குத்தியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எழுத்தெல்லாம் மங்கி, ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வருகிறது. எல்லாமே நடுவை விட்டு ஒரு நூலிழை இடப்பக்கம்.